நாலு விரல் வெளியே

இராஜதுரையின் கடையில் அரிசி மூட்டைகளுக்கு மேலே, அப்பளக் கட்டுகளுக்குப் பக்கத்தில், பட்மின்டன் சட்டில் குழாய்கள் அடுக்கியிருக்கும். பலசரக்குக் கடையில் இது எதற்கென்று ரூ காய் தெருவில் யாரும் கேட்பதில்லை. கடைக்காரர்தான் ‘ஐக்கிய நண்பர்கள்’ பட்மின்டன் கழகத்தின் தலைவர்; கழகத்துச் சாமான்களுக்கு வேறு இடமில்லை. பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைப் பகுதியான லாச்சப்பலில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். 2009 இலையுதிர் காலத்தில் ஒரு மத்தியானம், இது தெரியாத ஒருத்தி கடைக்குள் வந்தாள்.

தெங் லியான் இஞ்சியும் கொத்தமல்லித் தழையும் வாங்க வந்திருந்தாள். இரண்டு தெரு தள்ளி அவளுடைய சின்னம்மா ஒரு சீனச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாள். லியான் சீனாவிலிருந்து வந்து அங்கே அவிக்கவும் பொரிக்கவும் தொடங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. காசு கொடுக்கக் காத்து நின்றபோது அவளுடைய கை தன்பாட்டில் ஒரு திறந்த குழாய்க்குள் போனது. ஒரு சட்டிலை எடுத்து, இறகுகளை ஒரு சுற்றுத் தடவிப் பார்த்து, சுண்டி மேலே விட்டு, பாராமலே புறங்கையில் ஏந்தினாள்.

இஞ்சி நிறுத்துக்கொண்டிருந்த இராஜதுரை கையில் இஞ்சியோடு அப்படியே நின்றுவிட்டார்.

இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த பிரெஞ்சு மட்டுமே. “விளையாடுவாயா?” என்று அவர் அதில் கேட்டார்.

“முந்தி விளையாடினேன்.”

“ஒற்றையரா, இரட்டையரா?”

“ஒற்றையர்.”

அன்றைய இஞ்சிக்கு இராஜதுரை காசு வாங்கவில்லை. அவருக்கு நெடுநாளாக ஒரு தலையிடி இருந்தது. மாவட்ட லீக்கில் ஒரு கழகம் இன்னொரு கழகத்தோடு மோதும்போது ஆண்கள் ஆட்டங்களோடு பெண்கள் ஒற்றையர் ஆட்டமும் ஒன்று உண்டு. ஆள் இல்லாவிட்டால் அந்தப் புள்ளி மற்றப் பக்கத்துக்குப் போய்விடும். கழகத்தில் ஆண்கள் வரிசையில் நின்றார்கள். பெண்களோ இரட்டையர் ஆடுவார்கள், ஒற்றையர் என்றால் பின்வாங்கிவிடுவார்கள். ஆகவே ‘ஐக்கிய நண்பர்கள்’ எங்கே போனாலும் சப்பாத்துக் கட்டுமுன்பே ஒரு புள்ளி தோற்றிருப்பார்கள்.

அடுத்த ஞாயிறு லியான் கழகம் ஆடுகிற உள்ளரங்கான ஜிம்னாஸுக்கு வந்தாள். இரவல் ரக்கெட், சின்னம்மா மகனின் காற்சட்டை. கழகச் செயலாளர் குகதாசன், ஆளைக் கொஞ்சம் சோதித்துப் பார்ப்போமே என்று எதிரே இறங்கினார். சோதனை நெடுநேரம் நீடிக்கவில்லை. அவளை ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைக்கு ஓட வைப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார்; ஓடியது அவர்தான். வெளியே வந்து, “சப்பாத்து சரியில்லை” என்றார்.

“ரெண்டு சப்பாத்துமோ?” என்று கேட்டாள், வாங்கில் சாப்பாட்டுப் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்த இராஜதுரையின் மனைவி சாரதாதேவி.

அப்படித்தான் லியான் அந்தக் கழகத்துக்கு வந்து சேர்ந்தாள். பிறகு பத்து வருஷம் அங்கிருந்து போகவில்லை.

அவளுடைய முந்திய கதையை அவள் ஒருவருக்கும் விரித்துச் சொல்லவில்லை. தென் சீனத்து மாகாணமொன்றின் அணியில் இருந்தாள் என்பது மட்டும் கழகத்துக்குத் தெரியும். குகதாசன் அதையே மைக்கில் ‘சீன தேசிய வீராங்கனை’ என்று உயர்த்திவிடுவார். அவள் திருத்துவாள், அவர் மறுபடி உயர்த்துவார். ஒரே ஒருத்திக்குத்தான் முழுக் கதையும் தெரியும். அவள் அஜந்தா.

லியான் வந்தபோது அஜந்தா பள்ளிக்கூடம் முடிக்கிற வயதில் இருந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து சின்ன வயதிலேயே வந்தவள். தமிழைத் தாயிடமிருந்தும் வாயடிப்பைத் தகப்பனிடமிருந்தும் எடுத்துக்கொண்டவள். பிறகு படித்து முடித்து, சென் தெனியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலைக்குப் போனாள். வீடு புறநகரான பொண்டியில். பெண்கள் இரட்டையரில் அவளும் லியானும்தான் சோடி. வெளியூர்ப் போட்டிகள் முடிந்து திரும்பும் ரயிலில் இருவரும் எதிரெதிரே கால் நீட்டி உட்கார்ந்துகொள்வார்கள். அப்படி ஒருநாள், அஜந்தா கடைசிப் புள்ளியை வெளியே அடித்துத் தோற்றுவிட்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்தபோது, லியான் சொன்னாள்:

“இது என்ன வெளியே அடிக்கிறது? நான் அடிச்சிருக்கிறன், வெளியே. அது ஒரு தொழில்.”

அவளுக்கு வந்த தமிழ் சாரதாதேவியின் கடைத் தமிழ். சொற்கள் குறைவு, ஆனால் தடுமாற்றம் கிடையாது. அந்தத் தமிழிலும் பிரெஞ்சிலுமாக அவள் சொல்லி முடிப்பதற்குள் பொண்டி வந்துவிட்டது.

எட்டு வயதில் அவளை விளையாட்டுப் பள்ளிக்கு எடுத்துக்கொண்டார்கள். கால் வேகம், பொறுமை, எதையும் திருப்பி அடிக்கிற பிடிவாதம். மாகாண அணிக்கு வந்தபிறகுதான் மற்றப் பாடம் தொடங்கியது. ஒரே அணியைச் சேர்ந்த இருவர் எதிரெதிரே வந்தால் யார் வெல்ல வேண்டும் என்பதைப் பயிற்சியாளர்கள் முதல்நாளே தீர்மானித்துவிடுவார்கள். “அணியின் மரியாதைக்காக” என்பார்கள். லியான் பெரும்பாலும் தோற்கிற பக்கத்தில் இருந்தாள்.

தோற்பதற்கும் ஒரு நேர்த்தி வேண்டியிருந்தது. முதலிலேயே விட்டுக்கொடுத்தால் பார்க்கிறவர்கள் கூச்சல் போடுவார்கள். ஆகவே இருபத்தொரு புள்ளிச் செட்டில் பதினெட்டு வரைக்கும் சரிக்குச் சரி கொண்டுபோக வேண்டும். அதற்குப் பிறகு கோட்டுக்கு நாலு விரல் வெளியே விழுகிற மாதிரி அடிக்க வேண்டும். ஒரு முழம் போனால் நடிப்பென்று தெரிந்துவிடும். ஒரு விரலென்றால் கோட்டு நடுவர் உள்ளே என்று கையைக் காட்டிவிடக்கூடும். நாலு விரல்தான் கணக்கு. அடித்த பிறகு, என்ன பிசகியது என்று தேடுகிறவள் மாதிரி ரக்கெட்டின் நரம்புகளைப் பார்க்க வேண்டும். அவள் அதை அத்தனை நன்றாகச் செய்தாள். பெரிய போட்டியொன்றில் வாழ்க்கையிலேயே ஒரே தடவை அரையிறுதிக்கு வந்தபோதும் செய்தாள். அதன்பிறகு அவளைப் போட்டிக்கு அனுப்பவில்லை. மற்ற வீராங்கனைகளுக்குப் பயிற்சி கொடுக்க, எதிராளிகளைப் போல ஆடிக் காட்டுகிற வேலையில் வைத்துக்கொண்டார்கள். அந்த அரையிறுதிதான் அங்கே அவளுடைய கடைசி ஆட்டம்.

“வடிவான ஆட்டம்,” என்றாள் லியான். “எல்லாரும் கை தட்டினவை. எல்லாம் பொய்.”

அஜந்தா பையிலிருந்த மிச்ச ரோல்ஸை எடுத்துப் பாதியாகப் பிய்த்துக் கொடுத்தாள்.

‘ஐக்கிய நண்பர்க’ளில் ஒருவரும் லியானைத் தோற்கச் சொல்லவில்லை. லீக்கில் அவள் வென்றாள், சில சமயம் தோற்றாள், கழகம் ஒரு பிரிவு மேலேறியது, பிறகு இறங்கியது, பிறகு ஏறியது. சின்னம்மாவின் கடை அவள் கைக்கு வந்தது. கழகத்து ஆட்களுக்காகப் பொரித்த சோற்றில் உறைப்பைக் கூட்டப்போய், அதுவே கடையின் பெயர் பெற்ற சாப்பாடாகிவிட்டது. ஒவ்வொரு ஜூன் மாதமும் கழகத்தின் சொந்தச் சுற்றுப்போட்டி நடக்கும். பெண்கள் ஒற்றையருக்கு இராஜதுரையின் தகப்பனார் ஞாபகார்த்தக் கிண்ணம். அதை லியான் சிரமமில்லாமல் எடுத்துக்கொண்டு போவாள். அவளோடு நின்று பிடிக்க அங்கே ஆள் இல்லை. அதுதான் அவளுக்குக் கொஞ்சம் குறை.

2018 முடிவில் முழங்கால் தொந்தரவு கொடுக்கத் தொடங்கியது. அடுத்த ஜூனோடு ஒற்றையரை நிறுத்தப் போவதாகவும் இரட்டையர் மட்டும் ஆடப் போவதாகவும் அவள் கழகத்தில் சொன்னாள். அஜந்தாவைத் தனியாகக் கூப்பிட்டு வேறொன்று கேட்டாள்.

“நீ வா. ஒற்றையருக்குப் பேர் குடு.”

“நானோ? உங்களோடையோ? நல்லாத்தான் இருக்கும். சனம் சிரிக்கும்.”

“பனிக்காலம் முழுக்கப் பழகு. எனக்குக் கடைசி ஆட்டம் ஒண்டு வேணும். முழுசா விளையாடுற ஆளோடை. வெண்டாலும் தோத்தாலும் மெய்யா இருக்கோணும்.”

அஜந்தா தலையாட்டினாள். அந்தப் பனிக்காலம் அலுவலகத்து மத்தியான இடைவேளைகளில், சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு, சென் தெனியில் யார் யாரோடோ ஆடினாள். வசந்தம் வந்தபோது பயிற்சியில் லியானிடமிருந்து ஒரு செட் எடுத்தாள். அன்றைக்கு லியான் வீடு போகும் வழியெல்லாம் சீனப் பாட்டொன்றை முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

ஜூன் மாத ஞாயிறு வந்தது. ஜிம்னாஸுக்குள் வெக்கை. ஒரு மூலையில் ரோல்ஸ், இன்னொரு மூலையில் மைக்கோடு குகதாசன். எதிர்பார்த்தபடியே இறுதி ஆட்டம் லியானுக்கும் அஜந்தாவுக்கும்தான்.

“இண்டைக்கு எங்கடை சீன தேசிய வீராங்கனை, லியான் தங்கச்சியின்ரை கடைசி ஒற்றையர் ஆட்டம்!” என்று குகதாசன் முழங்கினார். “எல்லாரும் கையைத் தட்டுங்கோ! ரோல்ஸோடை நிக்கிறவை சாப்பிட்டு முடிச்சுப்போட்டுத் தட்டுங்கோ!”

முதல் செட் நன்றாகத்தான் தொடங்கியது. அஜந்தா பழகியிருந்தாள், பின்கோட்டுக்கு உயர்த்தி, உடனே முன்னுக்கு இழுத்து, லியானின் முழங்காலுக்கு வேலை கொடுத்தாள். லியான் மூச்சு வாங்கிக்கொண்டே உள்ளுக்குள் சிரித்தாள். இதுதான் அவள் கேட்ட ஆட்டம். பதினேழு பதினேழு. பதினெட்டு பதினெட்டு.

அடுத்த சட்டிலை அஜந்தா பக்கக் கோட்டுக்கு வெளியே அடித்தாள். பிறகு ரக்கெட்டின் நரம்புகளைப் பார்த்தாள்.

வெக்கையில் கை வழுக்கியிருக்கும் என்று லியான் நினைத்தாள். அடுத்ததும் வெளியே போனது. அஜந்தா மறுபடி நரம்புகளைப் பார்த்தாள். மூன்றாவதும் அதே இடத்தில் விழுந்தபோது, குகதாசன் “முதல் செட் லியான்!” என்று கத்தி முடிப்பதற்குள், லியான் பக்கக் கோட்டருகே போய்விட்டாள். சட்டில் விழுந்த இடத்தில் குந்தி, கோட்டுக்கும் அதற்கும் இடையில் தன் கையை வைத்தாள்.

“அஜந்தா, இஞ்சை வா.”

“என்னக்கா? அவுட். உங்களுக்குத்தானே பொயின்ற்.”

“நாலு விரல்.”

“ஓம், கொஞ்சம் கூடிப்போச்சு.”

“நரம்பை ஏன் பார்த்தனீ?”

அஜந்தா ரக்கெட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

“கள்ளி! நான் ரயிலிலை சொன்னதை எனக்கே செய்து காட்டுறியோ?”

அஜந்தாவின் கண் அவளை மீறி வாங்குப் பக்கம் போனது. அங்கே மேசையில், துவாயால் மூடிய ஏதோ ஒன்றின் மேல் சாரதாதேவி கையை வைத்துக்கொண்டிருந்தாள். லியான் நேரே அங்கே நடந்தாள்.

“ஐயோ பிள்ளை, உதைத் திறக்காதை! பிறகுதான்!”

லியான் துவாயை எடுத்தாள். கிண்ணம். அதன் அடியில் பளபளவென்று தமிழிலும் பிரெஞ்சிலும் வெட்டியிருந்தது: பெண்கள் ஒற்றையர் 2019. வெற்றியாளர் தெங் லியான்.

நடந்தது இதுதான். மேற்றோ வாசலில் சாவி வெட்டுகிறவர்தான் கிண்ணங்களுக்கும் பெயர் வெட்டுவார். ஞாயிறில் அவருடைய கடை பூட்டு. ஆகவே வருஷா வருஷம் வென்றவர்கள் வெறுங்கிண்ணத்தோடு வீட்டுக்குப் போவார்கள், பெயர் வெட்டத் திருப்பிக் கொண்டுவாருங்கள் என்றால் ஒருவரும் கொண்டுவருவதில்லை. பொண்டியிலும் சென் தெனியிலும் பாதி வீடுகளில் பெயரில்லாத கிண்ணங்கள்தான். லியானிடமே அப்படி ஒரு வரிசை இருந்தது. கடைசிக் கிண்ணமாவது அப்படி இருக்கக் கூடாது என்று இராஜதுரை நினைத்தார்.

“அண்ணை, மட்ச் இன்னும் முடியேல்லை” என்றாள் லியான்.

“முடியத்தானே போகுது, பிள்ளை. பத்து வருஷமா ஆர் வெல்லுறது? சாவிக்காரன் ஞாயிறு பூட்டு. அதுதான் வெள்ளிக்கிழமையே குடுத்தனான்.”

“அஜந்தாவுக்கு ஆர் சொன்னது?”

எல்லோரும் சாரதாதேவியைப் பார்த்தார்கள்.

“நான் ஒண்டும் சொல்லேல்லை. காலமை கிண்ணத்தைக் காட்டினனான். அவ்வளவுதான்.”

“காட்டிப்போட்டு?”

“‘எழுதியாச்சு, பிள்ளை’ எண்டனான்.”

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். சாரதாதேவிக்குக் கண் கலங்கிவிட்டது. “கோவிக்காதை, லியான். உனக்கு ஒரு மரியாதை செய்யத்தானே.”

“அங்கையும் மரியாதைக்குத்தான் எண்டு சொன்னவை, அக்கா” என்றாள் லியான். குரல் உயரவில்லை. சாரதாதேவிக்கு அதன் அர்த்தம் தெரியாது, அஜந்தாவுக்குத் தெரியும். அவள் முகம் சிவந்து, காலடியைப் பார்த்தாள்.

“அக்கா, பொல்லாத வேலை செய்துபோட்டன்,” என்றாள். “அந்தப் பேரைப் பார்த்தாப்பிறகு கை வரேல்லை.”

“இப்ப வருமோ?”

“வரும்.”

லியான் குகதாசனிடம் திரும்பினாள். “அண்ணை, முதல் செட் இல்லை. சைபரிலையிருந்து.”

“அதெப்பிடி? சட்டத்திலை அப்பிடி இல்லை!”

“முதலே பேர் வெட்டுறது சட்டத்திலை இருக்கோ?”

குகதாசன் மைக்கைப் பார்த்தார், இராஜதுரையைப் பார்த்தார். இராஜதுரை வேறெங்கோ பார்த்தார். இதற்குள் ஜிம்னாஸின் காவலாளி மார்செல், திறப்புக் கொத்தோடு கோட்டின் ஓரத்துக்கு வந்துவிட்டார். பூட்டுகிற நேரம் நெருங்குகிறதே, ஏன் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அஜந்தா பிரெஞ்சில் எல்லாவற்றையும் கடகடவென்று சொன்னாள். மார்செல் கிண்ணத்தைத் தூக்கி, எழுதியிருந்ததைக் கண்ணாடியை உயர்த்திப் பிடித்துப் படித்தார். பிறகு திறப்புக் கொத்தைப் பொக்கெற்றுக்குள் போட்டுவிட்டு, ஒரு கதிரையை இழுத்து வலைக்கு நேரே வைத்து உட்கார்ந்தார். அதுவே அவருடைய பதில்.

பிறகு நடந்த ஆட்டத்தைப் பற்றி லாச்சப்பலில் பல விதமாகச் சொல்வார்கள். முதல் செட் அஜந்தாவுக்குப் போனது. அவளுடைய ஒவ்வொரு அடியும் மன்னிப்புக் கேட்பது போல இருந்தது, ஆனால் மன்னிப்பு எல்லாம் கோட்டுக்கு உள்ளேயே விழுந்தது. இரண்டாவதை லியான் இழுத்துப் பிடித்தாள். அவளுக்குக் கடந்துபோன எதுவும் நினைவில் இல்லை. அடுத்த சட்டில் எங்கே வரும் என்பது மட்டும்தான். எட்டு வயதில் எதற்காக அவளை எடுத்துக்கொண்டார்களோ, அந்தப் பிடிவாதம் முழுவதும் திரும்பி வந்திருந்தது. அஜந்தா வியர்வையில் தோய்ந்து, தமிழிலும் பிரெஞ்சிலும் தன்னைத்தானே ஏசிக்கொண்டாள். ரோல்ஸ் தட்டுப் பக்கம் ஒருவரும் இல்லை. குகதாசன் மைக்கில் புள்ளி சொல்ல மறந்து, பிறகு இரண்டு புள்ளிகளைச் சேர்த்துச் சொன்னார்.

மூன்றாவது செட்டின் கடைசியில் அஜந்தா ஒரு புள்ளி முன்னால் நின்றாள். இன்னும் ஒன்று எடுத்தால் அவளுக்கு. நீண்ட ஆட்டத்தில் லியான் அவளைப் பின்கோட்டுக்குத் தள்ளிவிட்டு, வலையோரம் ஓடிவந்து, தனக்கே உரிய அந்த மெல்லிய தட்டலைத் தட்டினாள். இருபது வருஷமாகப் பிசகாத தட்டல். சட்டில் வலையின் மேல் நாடாவில் ஏறி, ஒரு கணம் யோசித்து, லியானின் பக்கமே சறுக்கி விழுந்தது.

சனம் கத்துவதற்கு முன்பே அஜந்தா வலைக்கு ஓடிவந்தாள். முகத்தில் சந்தோஷத்தைக் காணவில்லை.

“அக்கா! வேணுமெண்டு விட்டனீங்களோ?”

லியானுக்கு வந்த கோபம் அங்கே ஒருவரும் முன்பு பார்க்காதது. ரக்கெட்டைத் தரையில் குத்தினாள்.

“விசரி! நான் வேணுமெண்டு விட்டா உனக்குத் தெரிய விடுவனோ? வலையிலை தட்டினதைப் பார்க்கேல்லையோ? கால் பிந்திப்போச்சு! அரைவாசிக் கால்!”

அஜந்தா அவளுடைய முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். பிறகுதான் துள்ளிக் கத்தினாள். மார்செல் எழுந்து நின்று கை தட்டினார்.

பரிசளிப்பில் கொஞ்சம் சங்கடம் இருந்தது. லியானுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு இராஜதுரை, “திங்கட்கிழமை அழிச்சுப்போட்டு மாத்தி வெட்டித் தாறன், பிள்ளை” என்றார்.

“வேண்டாம்,” என்று அஜந்தா பிடுங்கிக்கொண்டாள். “இப்பிடியே வேணும். ஆரை வெண்டனான் எண்டு எழுதியிருக்கே, அது காணும்.”

பொண்டியில் அவள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் அது அப்படியே இருக்கிறது. வருகிறவர்கள் எழுத்தை வாசித்துவிட்டு, உது ஆரின்ரை கிண்ணம் என்று கேட்பார்கள். அவளுக்கு அந்தக் கதையை முதலிலிருந்து சொல்ல அலுப்பதில்லை.

அன்று வீடு திரும்பும் மேற்றோவில் லியான் பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, வலது மணிக்கட்டை மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முன்னே உட்கார்ந்திருந்த கிழவர் கை நோகிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். கால் முந்தியிருந்தால் மணிக்கட்டு இன்னும் உயரத்தில் இருந்திருக்கும், சட்டில் நாடாவைத் தாண்டியிருக்கும். இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டு, அடுத்ததில் இறங்கித் திரும்பி நடந்தாள். தோற்றதற்காக இப்படி மனம் எரிந்து எத்தனை காலம் ஆயிற்று என்று வழியில் யோசித்துப் பார்த்தாள். மாகாண அணியில் சேர்வதற்கு முன்னால் எப்போதோ. சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே, அந்தத் தட்டலை நினைத்து மறுபடி எரிந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை இஞ்சியும் கொத்தமல்லியும் எடுத்துக்கொண்டு இராஜதுரையின் முன்னால் வந்து நின்றாள். அவர் இன்னும் கொஞ்சம் கூச்சத்தோடுதான் இருந்தார். ஒரு பிடி பச்சைமிளகாயைச் சும்மா பைக்குள் போட்டார். லியான் அரிசி மூட்டைகளின் மேலிருந்து ஒரு சட்டில் குழாயை எடுத்து இஞ்சிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“என்ன பிள்ளை, ஒற்றையர் இதோடை சரி எண்டனீ?”

“அது வெண்டிருந்தா, அண்ணை” என்றாள் லியான். பிறகு இன்னொரு குழாயையும் எடுத்து வைத்தாள்.